மாதம் ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். சொகுசு டீசல் எஸ்யூவிக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: வீடு கோவையில். மாதம் சுமார் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். வார நாட்களில் ஊருக்குள் அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி. மாதம் ஒரு தடவை அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு மதுரை. 45 லட்சத்துக்குள் சாதாரண டீசல் எஸ்யூவி ஒன்று வாங்கலாம் என்று இருந்தீர்கள். ஷோரூமில் பார்த்த ஜெர்மன் வண்டி மனதில் நின்றுவிட்டது. சாலைக்கு வரும்போது அது 90 லட்சத்தைத் தாண்டுகிறது. அதிலும் டீசலுக்குக் கூடுதல் விலை. இந்தப் பணத்துக்கு அது தகுமா?

நான் ஈரோட்டில் இருக்கிறேன், ஜவுளித் தொழில். வாரம் ஒரு தடவை பெங்களூரு போக வேண்டும். 2020 கடைசியில் ஒரு ஜெர்மன் டீசல் எஸ்யூவி வாங்கினேன். இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதற்கு முன் ஆறு வருடம், லாரி போலத் தனிச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிக் கட்டிய ஏழு சீட் டீசல் எஸ்யூவி வைத்திருந்தேன். இரண்டையும் சொந்தக் காசில் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். பெட்ரோலுக்குப் பதில் டீசல் எடுப்பதற்கான கூடுதல் பணம் ஒன்று. சாதாரண வண்டிக்குப் பதில் சொகுசு வண்டி எடுப்பதற்கான கூடுதல் பணம் இன்னொன்று. முதலாவது லட்சம், இரண்டு லட்சம். இரண்டாவது நாற்பது, ஐம்பது லட்சம். ஆனால் எல்லாரும் சின்னதைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

சின்னதை முடித்துவிடுவோம். 2023 ஆகஸ்டில் மெர்சிடிஸ் ஜிஎல்சி இங்கே வந்தபோது பெட்ரோல் 73.5 லட்சம், டீசல் 74.5 லட்சம், வித்தியாசம் ஒரே லட்சம். 2025 ஜனவரியில் வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்3-ல் வித்தியாசம் 2 லட்சம். இதோடு தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீத சாலை வரி இருக்கிறது. இன்சூரன்ஸும் அதற்கேற்ப ஏறும். ஒரு லட்சம் ஒன்றேகால் ஆகும், இரண்டு லட்சம் இரண்டரை ஆகும்.

டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் டீசல் வண்டி லிட்டருக்கு ஊருக்குள் 10 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 16 முதல் 17, எல்லாம் சேர்த்து 14 கொடுக்கிறது. சென்னையில் இருக்கும் என் சகலை அதே வண்டியைப் பெட்ரோலில் வைத்திருக்கிறார். அவருக்கு எல்லாம் சேர்த்து 10-க்குக் கொஞ்சம் கீழே. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் பெட்ரோல் வண்டியின் மைலேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

உங்கள் ஓட்டம் வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்தால், பெட்ரோலுக்கு 1,21,000 ரூபாய், டீசலுக்கு 80,000 ரூபாய். மிச்சம் 41,000. ஆட்புளூ (டீசல் புகையைச் சுத்தமாக்க ஊற்றும் திரவம்), சர்வீஸில் கொஞ்சம் கூடுதல் எல்லாம் கழித்தால் கையில் 35,000 நிற்கும். ஒன்றேகால் லட்சம் மூன்றரை வருடத்தில் திரும்பும். இரண்டரை லட்சம் என்றால் ஏழு வருடம். 90 லட்சம் வண்டிக்கு முதல் வருடத்திலேயே மதிப்பு பல லட்சம் இறங்கும்போது இந்த 35,000 எந்த மூலைக்கு? மைலேஜுக்காக என்று சொல்லி இந்த வகுப்பில் டீசல் வாங்காதீர்கள்.

நம் அப்பாக்கள் காலத்துக் கணக்கு வேறு. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2013-லிருந்து டீசல் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்தார்கள்; அந்த இடைவெளி சுருங்கி எட்டு ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. ‘டீசல் என்றால் லாபம்’ என்ற பேச்சு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அப்படியானால் டீசல் எதற்கு? இழுவைக்கு. ஜிஎல்சி டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைவிட அதற்குக் குதிரைசக்தி குறைவு, 258-க்கு எதிராக 197. ஆனால் 440 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது. சேலம் தாண்டி தொப்பூர் ஏற்றத்தில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக ஏறும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் போதும், கியர் கூட இறங்காமல் லாரிகளைத் தாண்டிப் போகலாம். என்ஜின் சத்தம் ஏறாது, அவசரப்படாது. ஐந்து மணி நேரம் ஓட்டி இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ஒரு தடவை நிரப்பினால் 900 கிலோமீட்டர் போவதும் எனக்குப் பெரிய நிம்மதி.

இனி, டீசல் வாங்கும் யாரிடமும் ஷோரூமில் கேட்கப்படாத கேள்வி: ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து எல்லா டீசல் காரிலும் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; நிறைந்ததும் அதைச் சுமார் 600 டிகிரியில் எரித்துச் சாம்பலாக்கும். அந்த எரிப்பு நடக்க வண்டி சூடாகி, கால் மணி முதல் இருபது நிமிடம் வரை ஒரே சீராக 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட வேண்டும். ஊருக்குள் நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி நான்கு கிலோமீட்டர் வந்தால் எரிப்பு தொடங்கும், பாதியில் நின்றுவிடும். அப்படி நிற்கும் ஒவ்வொரு தடவையும் எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும்.

எனக்கு இது 2021 ஊரடங்கில் நடந்தது. மூன்று மாதம் வண்டி வீட்டுக்கும் குடோனுக்கும் மட்டும்தான் போய்வந்தது, ஒரு பக்கம் மூன்றரை கிலோமீட்டர். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்தது. இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் காலை பவானி போகும் வழியில் என்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டது. 40-க்கு மேல் போகவில்லை. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டி வலுக்கட்டாயமாக எரிக்க வைத்தார்கள், ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றினார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. வடிகட்டி முழுவதுமாக அடைத்து மாற்ற வேண்டி வந்திருந்தால் லட்சக்கணக்கில் போயிருக்கும் என்றார் அந்த மெக்கானிக். விற்கும்போது இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாரம் ஒரு நாள் பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்திருப்பேன். எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆட்புளூ பற்றி பயப்பட ஒன்றுமில்லை. அது யூரியாவும் தூய நீரும் கலந்த திரவம். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கிறது. எனக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கணக்கில் ஆகிறது. தீர்ந்துபோனால் நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் என்று மீட்டரில் முன்கூட்டியே காட்டும், அப்போதே ஊற்றிவிட வேண்டும்.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். சொகுசுக்கு அந்த நாற்பது, ஐம்பது லட்சம்.

என் அப்பாவுக்கு 2019-ல் முதுகுத் தண்டில் டிஸ்க் ஆபரேஷன் ஆனது. எங்கள் பூர்வீகம் கும்பகோணம் பக்கம். வருடத்துக்கு நான்கைந்து தடவை கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் போவோம். பழைய வண்டியில் அப்பா ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்வார். முதலில் ஏறுவதே பாடு. வண்டியின் தளம் உயரம், பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வைத்து, நான் பின்னாலிருந்து தாங்க வேண்டும். அந்த வகை வண்டிகள் பாரம் சுமக்கக் கட்டியவை. பள்ளத்தில் இறங்கினால் உடம்பு பக்கவாட்டில் ஆடும், ஆடி முடிய ஒரு நொடி ஆகும். இடுப்பு நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

புதிய வண்டியில் முதல் தடவை ஊருக்குப் போனபோது குளித்தலை தாண்டித் திரும்பிப் பார்த்தேன், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. திருச்சியில் காபி குடிக்க எழுப்பியபோது “அதுக்குள்ள திருச்சி வந்துருச்சாப்பா?” என்று கேட்டார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கொடுத்த பணத்தைப் பற்றி அதன் பிறகு நான் மனதுக்குள் கூட வாதாடியதில்லை.

அதே சமயம் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த வித்தியாசத்தில் பாதி, வண்டி தனிச் சட்டம் இல்லாமல் ஒரே கூடாகக் கட்டியது என்பதால் வருவது. அது 25, 30 லட்சம் வண்டிகளிலும் இன்று கிடைக்கிறது. இன்னோவா ஹைகிராஸ் அப்படிக் கட்டியதுதான். ஹைபிரிட் பெட்ரோல் (பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் இருக்கும்), ஊருக்குள் டீசலைவிட நன்றாக மைலேஜ் தரும், டிபிஎஃப் தொல்லை கிடையாது. மீதிப் பாதி, அதாவது சீட்டின் அமைப்பு, உள்ளே இருக்கும் அமைதி, 100-ல் போகும்போது தரையோடு ஒட்டிப் போகிற தன்மை, இவைதான் நிஜமாகவே கூடுதல் பணத்துக்குக் கிடைப்பவை.

செலவும் அந்த உயரத்தில்தான் இருக்கும். வால்பாறை ஏற்றத்தில் ஓரக்கல் பட்டு ஒரு டயரின் பக்கவாட்டு கிழிந்தது. அந்த அளவு டயர் பொள்ளாச்சியில் கிடைக்கவில்லை. கோவையிலிருந்து வர இரண்டு நாள், ஒரு டயர் முப்பதாயிரத்தை ஒட்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் தேய்மானம் பொருந்த வேண்டும் என்று அந்த அச்சின் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். வாரண்டி முடிந்த பிறகு நீட்டிப்புத் திட்டம் எடுக்காமல் இந்த வண்டிகளை வைத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விற்கும் நாளையும் யோசியுங்கள். ஆடி 2020-லேயே இந்தியாவில் டீசலை விட்டுவிட்டது. வோல்வோ 2024-ல் உலகம் முழுவதும் டீசல் கார் தயாரிப்பையே நிறுத்தியது. பத்து வருடத்துக்கு மேலான டீசல் டெல்லிப் பகுதியில் ஓடக் கூடாது என்பதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; 2025-ல் அதைத் தளர்த்தியது. நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அந்த 2018 உத்தரவால் அங்கிருந்து சொகுசு டீசல்கள் மலிவாகத் தெற்கே வந்திருக்கின்றன, பழைய வண்டிச் சந்தையில் உங்கள் வண்டியின் விலையை அவை இழுக்கும். நீங்கள் அப்படி ஒன்றை வாங்க நினைத்தால், இங்கே மறுபதிவுக்கும் சாலை வரிக்கும் ஆகும் பணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? மாதாமாதம் மதுரைப் பயணம் தவறாது என்றால் டீசல் உங்களுக்கு ஒத்துவரும். தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் போய்வரும் 430 கிலோமீட்டரில் வடிகட்டி சுத்தமாகிவிடும். நடுவில் ஒரு ஞாயிறு அவிநாசி ரோட்டில் அதிகாலையில் ஒரு நீண்ட ஓட்டம் விட்டால் போதும். மதுரைப் பயணம் நிற்கும் வாய்ப்பு இருந்தால், பெற்றோர் கோவைக்கே குடிவருவார்கள் என்றால், டீசலைத் தொடாதீர்கள்; பெட்ரோலோ ஹைபிரிடோ எடுங்கள்.

சொகுசு வண்டியைப் புதிதாக வாங்கமாட்டேன். கோவையிலேயே பதிவான, ஒருவர் மட்டுமே வைத்திருந்த, இரண்டு மூன்று வருட டீசல் ஒன்றைத் தேடுவேன். முதல் உரிமையாளர் நெடுஞ்சாலையில் ஓட்டியவராக இருக்க வேண்டும். மூன்று வருடத்தில் 60,000 ஓடிய வண்டி 15,000 ஓடிய வண்டியைவிட இந்த விஷயத்தில் மேல். சர்வீஸ் பதிவேட்டில் ஆயில் எப்போதெல்லாம் மாற்றினார்கள் என்று பார்ப்பேன். டிபிஎஃப் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் படித்துக் காட்டச் சொல்வேன். சில நிமிட வேலைதான், மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுவேன்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது அம்மா அப்பாவைக் கூட்டிப் போங்கள். நீங்கள் ஓட்டிப் பார்ப்பது பத்து நிமிடம் போதும். மிச்ச நேரம் அவர்களைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பல்லடம் ரோட்டில் மேடு பள்ளம் உள்ள பகுதியாகப் பார்த்து அரை மணி நேரம் போய் வாருங்கள். அம்மா உங்கள் கையைப் பிடிக்காமல் தானாக ஏறி இறங்குகிறாரா என்று பாருங்கள். அடுத்த நாள் அதே ரோட்டில், அதே சீட்டில், 45 லட்சம் வண்டியிலும் கூட்டிப் போங்கள். எது வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.