எந்தப் பழைய படத்தைப் போடலாம்?

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஊர்ப் படிப்பகத்தில் மாசம் ஒரு பழைய படம் போடப்போறோம். சிலர் நல்லா ஓடின படமாப் போடச் சொல்லுதாங்க. சிலர் விமர்சகர்கள் பாராட்டினதைப் போடச் சொல்லுதாங்க. யார் பேச்சைக் கேக்க?

பதில்: தம்பி, படம் வந்த வாரத்து வசூல், அந்த வாரத்து விமர்சனம் இரண்டையும் ஓரமாக வையுங்கள். 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். பாட்டுக்காகவே கொட்டகைக்குப் போன காலம், படம் ஓடவில்லை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவ'மும் அப்படித்தான். அதை டிவிதான் திரும்பத் திரும்பப் போட்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

காலம் நல்ல படத்தைத் தானாகக் கைதூக்கி விடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. படம் மறுபடி கண்ணில் படவேண்டும், அதற்குப் பிரதி இருக்கவேண்டும். 'வீடு' படத்தின் நெகட்டிவே போய்விட்டது என்று அதை எடுத்த பாலுமகேந்திரா வருந்திச் சொன்னார். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

உலகப் பட்டியல்களும் நிலையானவை அல்ல. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் வாக்கெடுப்பில் 1962 முதல் 'சிட்டிசன் கேன்' முதலிடம், 2012இல் 'வெர்டிகோ', 2022இல் அதுவும் இறங்கிவிட்டது. படங்கள் அதே படங்கள்தான். வாக்களித்தவர்கள்தான் 2012இல் 846 பேராக இருந்து 2022இல் 1,600க்கு மேல் ஆனார்கள்.

அப்படியென்றால் விமர்சகர் எதற்கு? மார்க் போடுபவரை விடுங்கள். இருபது வருஷம் கழித்து அதே படத்துக்குத் திரும்பி வந்து, 'இந்த இடத்தைப் பார்த்தீர்களா' என்று காட்டுகிறாரே, அவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். அப்படி யாராவது திரும்பி வந்த படமாகப் பார்த்து எடுங்கள்.

முதல் படமாக 'உதிரிப்பூக்க'ளைப் போடுங்கள் (1979). நம்ம நெல்லைப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை விதையாக வைத்து மகேந்திரன் எடுத்தது. கடைசியில் ஊரே ஆற்றங்கரையில் கூடி, கொடுமைக்காரனான சுந்தரவடிவேலுவைச் சாகச் சொல்லி நிற்கிறது. தான் செய்த பாவத்திலேயே பெரியது, இவர்களையும் தன்னைப்போல ஆக்கியதுதான் என்கிறான். தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறான். பிறகு கரையில் அவன் பிள்ளைகள். தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் இதைப் போட்டபோது, கெட்டவன் செத்தான் என்று ஆம்பிளைகள் எழுந்துவிட்டார்கள். ஒரு ஆச்சி மட்டும் அசையாமல் இருந்து, "அந்தப் பிள்ளையள இனி யாரு பாப்பா?" என்றாள். அதற்கப்புறம் அந்தக் காட்சி வந்தாலே என் கண் பிள்ளைகள் மேல்தான் போகிறது.

பிரதியை முன்னாடியே முழுசாக ஓட்டிப் பாருங்கள். வெட்டுப்பட்ட பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். படம் முடிந்ததும் அரைமணி நேரம் பேச விட்டு, சனம் சொல்வதை அவர்கள் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே படத்தைப் போடும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.