பாட்டுப் போட்டியில் வென்றவரை ரெக்கார்டு கம்பெனி வேண்டுமென்றே ஓரங்கட்டுகிறதா?

'ஓரங்கட்டுதல்' என்று ரசிகர்கள் சொல்வது, ஒப்பந்தம் போட்ட கம்பெனி அந்தப் பாடகரின் ஆல்பத்துக்கு விளம்பரச் செலவு செய்யாமல் விடுவதை. பார்வையாளர்கள் வாக்களித்து வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க டிவி பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடலின் ரசிகர்களிடம் இந்தச் சந்தேகம் அடிக்கடி எழும்.

பெரும்பாலும் நடப்பது வேறு. முதல் பாட்டு ரேடியோவுக்குப் போகும். நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினால்தான் அடுத்த பாட்டுக்கும் வீடியோவுக்கும் பணம் இறங்கும். துணிக்கடையில் புதுச் சேலையை முதலில் ஷோகேஸில் மாட்டுவார்கள். கேட்பாரில்லை என்றால் மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். அதே கணக்குதான்.

ரசிகர்கள் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. முன்பணமும், வழக்கமாக வீடியோ செலவில் ஒரு பங்கும் பாடகரின் ராயல்டியிலிருந்தே (விற்பனையில் அவருக்குச் சேரும் பங்கிலிருந்தே) கழிக்கப்படும். ஆகவே 'இன்னும் செலவு செய்யுங்கள்' என்ற கோரிக்கை, பாட்டு ஓடாவிட்டால், பாடகர் கணக்கில் கடனாக ஏறும்.

போட்டியில் வென்றாலே ஆல்பம் அதிகம் விற்கும் என்றும் இல்லை. 2006 ஐடலில் பாடகர் கிறிஸ் டாட்ரிக்கு நான்காம் இடம்தான். ஆனாலும் அவர் இசைக்குழுவின் முதல் ஆல்பம், வெற்றியாளர் டெய்லர் ஹிக்ஸின் ஆல்பத்தைவிடப் பல மடங்கு விற்றது.

வாக்கு எண்ணிக்கையை விற்பனைக்கு அளவுகோலாக நினைப்பது பரவலான தவறு: ஐடலில் ஒரே ஆள் பலமுறை வாக்களிக்கலாம், ஆல்பத்தை அவர் பெரும்பாலும் ஒன்றுதான் வாங்குவார்.