சமையல் குறிப்பைக் கொடுத்தால் கலோரி, சத்துக் கணக்கு போட்டுத் தரும் மென்பொருளில் எதை வாங்கலாம்?

கேள்விக்குக் கீழே "நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்குச் சரியா வருமா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் வீட்டிலிருந்து ஏதோ சாப்பாட்டுத் தொழில் ஆரம்பிக்கிறீர்கள், இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ சர்க்கரை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ரெண்டும் இல்லை, சும்மா உடம்பைக் குறைக்கத்தான் என்றால் கையில் இருக்கும் எந்த இலவச ஆப்பும் போதும். இவ்வளவு நீளத்தைப் படிக்க வேண்டாம்.

நான் டயட்டீஷியன் இல்லை. படித்தது பி.காம். கோயம்புத்தூரில் ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறேன். எந்த மென்பொருள்காரரிடமும் கமிஷன் வாங்கவில்லை. "படிச்சவங்க சொல்றதை விட்டுட்டு சமையல்காரம்மா சொல்றதைக் கேக்கணுமா" என்று கமெண்ட் போட வருகிறவர்கள், கீழே இருக்கும் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

எதை வாங்கினாலும் சரி, முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்த எண் எந்த அட்டவணையிலிருந்து வருகிறது? மென்பொருள் எதையும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. எங்கேயோ ஒரு ஆய்வகத்தில் அரிசியையும் பருப்பையும் சோதித்து எழுதிவைத்த அட்டவணையை எடுத்து, நீங்கள் போட்ட கிராமால் பெருக்கிக் கூட்டித் தருகிறது. அட்டவணை தப்பு என்றால், தப்பைத்தான் அழகான வட்டப் படமாக வரைந்து காட்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், பட்டுத்தான்.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஐடி கம்பெனிக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஒருநாள் ராகிக் களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம். அந்த நாளில் என் கவுண்டரில்தான் வரிசை நீளமாக இருக்கும். ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகள் "அக்கா, எங்க அப்பத்தா செய்யற மாதிரியே இருக்கு" என்று ரெண்டாவது உருண்டை கேட்பார்கள். அப்போது கம்பெனியில் ஆரோக்கியத் திட்டம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு ஆலோசகர் வந்தார். சந்தா கட்டி ஒரு மென்பொருள் வாங்கினார்கள். இனிமேல் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் முன்னால் கலோரி எழுதிய அட்டை இருக்க வேண்டும் என்றார்கள்.

சட்டப்படி எனக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. உணவுத் தொழிலுக்கு மத்திய லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களும், பத்து இடத்திலோ அதற்கு மேலோ கடை வைத்திருக்கிறவர்களும்தான் மெனுவில் கலோரி போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதி. இருந்தாலும் கேட்டது நியாயம்தானே என்று எல்லாக் குறிப்பையும் கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்தேன். களி ஒரு உருண்டைக்கு ராகி மாவு 100 கிராம்.

அட்டை வந்தது. "ராகிக் களி, ஓர் உருண்டை, 1,342 கலோரி." பக்கத்துக் கவுண்டரில் இன்னொருவர் போடும் பரோட்டா குருமாவுக்கு அதில் பாதிகூட இல்லை.

அன்றைக்குக் களி மிஞ்சிப்போனது. வழக்கமாக வரும் ஒரு பையன் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, களியில இவ்வளவா? அதுக்கு நான் பரோட்டாவே சாப்பிட்டுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே போனான். அவன் மேல் தப்பில்லை, அட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஆலோசகரிடம் போய்க் கேட்டேன். "இது நாங்க கையால போட்ட கணக்கு இல்லைங்க, சிஸ்டம் போடுது" என்றார். நான் கேட்டேன், "மேடம், 100 கிராம் நல்லெண்ணெயை அப்படியே குடிச்சாலும் 900 கலோரிதானுங்களே. ராகி மாவு எப்படிங்க அதைத் தாண்டும்?" கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "டீம்ல செக் பண்றேன்" என்றார்.

அவர் டீம் பார்ப்பதற்குள் என் பையன் பார்த்துவிட்டான். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில் ராகிக்கு நேராக 1342 என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தின் தலைப்பு கிலோஜூல். அந்த அட்டவணை முழுக்க ஆற்றலைக் கிலோஜூலில்தான் கொடுத்திருக்கிறார்கள். 4.184-ஆல் வகுத்தால்தான் நாம் சொல்லும் கலோரி வரும். 1342-ஐ வகுத்தால் 321. மென்பொருள் செய்தவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அலகை விட்டுவிட்டார்கள். பரோட்டா வேறொரு வெளிநாட்டு அட்டவணையிலிருந்து வந்ததால் அது கலோரியிலேயே இருந்தது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் களியைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்.

அட்டையை மாற்றினார்கள், சத்தமில்லாமல். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம் திரும்பி வர ரொம்ப நாள் ஆனது.

அதனால் காசு கட்டுவதற்கு முன், இலவசமாகப் பார்க்க விடும் நாட்களிலேயே நீங்கள் செய்ய வேண்டியது இது. 100 கிராம் எண்ணெய் போட்டுப் பாருங்கள், 900-ஐ ஒட்டி வர வேண்டும். உலகத்தில் எந்தச் சாப்பாடும் 100 கிராமுக்கு அதைத் தாண்டாது. அப்புறம் 100 கிராம் ராகி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. ராகியில் மாவுச்சத்து 66.8, புரதம் 7.2, கொழுப்பு 1.9 கிராம். பெருக்கிக் கூட்டினால் 313 வருகிறது. 11.2 கிராம் நார்ச்சத்துக்கும் கிராமுக்கு 2 வீதம் சேர்த்தால் 335. அட்டவணை சொல்வது 321. இந்த அளவுக்கு முன்னே பின்னே இருக்கலாம், நாலு மடங்கு இருக்கக் கூடாது.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள், இது முக்கியம். ஹைதராபாத் அட்டவணையில் மாவுச்சத்து என்று போட்டிருப்பது நார்ச்சத்தைக் கழித்த பிறகு மிஞ்சியது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஃபுட்டேட்டா சென்ட்ரல் என்ற அட்டவணையில் மாவுச்சத்து என்றால் நாரும் அதற்குள்ளேயே இருக்கும், அங்கே நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும். சில ஆப்புகள் எந்த அட்டவணை என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் கழித்துவிடும். அப்படிச் செய்தால் ராகியின் 66.8, 55.6 ஆகிவிடும். எடை குறைப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. மாவுச்சத்தைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கு இது விளையாட்டில்லை. மருத்துவரிடம் ஆப்பின் எண்ணைக் காட்டும்போது அது கழித்த எண்ணா கழிக்காத எண்ணா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அமெரிக்க அட்டவணை மட்டம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு விரிவாக வேறு யாரும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை, இலவசமாகவும் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே வெள்ளை அரிசி என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இரும்பும் வைட்டமினும் சேர்த்த அரிசி. நாம் கடையில் வாங்கும் பொன்னியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு இருந்தாலே அதிகம். அந்த அரிசியைத் தேர்ந்தெடுத்தால் அதைப்போலப் பல மடங்கு காட்டும். வீட்டில் ரத்தசோகை உள்ள பெண்பிள்ளை இருந்து, ஆப்பில் இரும்பு நிறைய இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டால் என்ன ஆவது? ரேஷனில் இரும்பு சேர்த்துச் செறிவூட்டிய அரிசி வந்தால் அது வேறு கணக்கு.

ஹைதராபாத் நிறுவனம் என்றேன், அது பிறந்தது நம் குன்னூரில் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1918-ல், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் மெக்காரிசன் என்ற டாக்டர் ஆரம்பித்தது. 1958-ல்தான் ஹைதராபாத் போனது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மேட்டுப்பாளையம் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும், சொல்லிவிட்டேன்.

அட்டவணைக்கு அடுத்தது, நீங்கள் கொடுக்கும் அளவு. நம் சமையல் குறிப்புகளில் "உப்பு தேவையான அளவு", "தாளிக்க எண்ணெய் சிறிது" என்று இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் மென்பொருள் பெரும்பாலும் ரெண்டையும் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஒரு கிராம் உப்பில் 390 மில்லிகிராம் போலச் சோடியம். ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராம்தான் கணக்கு, அதாவது 5 கிராம் உப்பு. ஊறுகாய், அப்பளத்தோடு சேர்த்து நம் மதியச் சாப்பாட்டிலேயே அது எவ்வளவு போகிறது என்று எடை போட்டால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். கப் கணக்கையும் நம்பாதீர்கள். அமெரிக்கக் கப் 240 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, உங்கள் வீட்டு டம்ளர் எவ்வளவோ. மென்பொருளுக்குக் கட்டும் முதல் சந்தாப் பணத்தில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள்.

சமைத்த பிறகு மொத்த எடையைப் போட இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ பச்சரிசி 3,560 கலோரி. வடித்தபின் அது ரெண்டே முக்கால் கிலோ சாதமானால் 100 கிராம் சாதத்தில் 130 போல. அந்த இடம் இல்லாத மென்பொருள் 100 கிராம் சாதத்தை 356 என்று காட்டும், அல்லது "ஆறு பேருக்கு" என்று சொல்லச் சொல்லிச் சமமாகப் பங்கு போடும். எங்கள் வீட்டில் ஆறு பேரும் ஒரே அளவா சாப்பிடுகிறார்கள்? வடை, பஜ்ஜிக்கு எந்த மென்பொருளாலும் முடியாது. வாணலியில் ஊற்றும் எண்ணெயை முன்னால் எடை போட்டு, பொரித்து முடித்து ஆறியபின் மறுபடி போட்டு, குறைந்ததை வடை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். க்ரோனோமீட்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறது, சொந்தமாகப் பொருள் சேர்க்கவும் விடுகிறது. ராகி, கொள்ளு, முருங்கைக்கீரைக்கு ஹைதராபாத் எண்களை நாமே ஏற்றிக்கொள்ளலாம். மைஃபிட்னஸ்பாலில் நம் பதார்த்தம் ஏராளமாக இருக்கிறது, ஆனால் நிறையப் பதிவுகள் பயனர்கள் போட்டவை, சாம்பார் என்று தேடினால் ஆளுக்கொரு எண் வரும். ஹெல்திஃபைமீ பெங்களூரு கம்பெனி, இட்லி, தோசை, கிண்ணம் என்ற கணக்கு அதற்குப் புரியும். ஆனால் அது சாப்பிட்டதை எழுதிவைப்பவர்களுக்கானது, பெரிய அளவில் சமைப்பவர்களுக்கு அல்ல. இவற்றை ஒப்பிட்டு மார்க் போட எனக்குத் தகுதி இல்லை, போடவும் மாட்டேன். நான் இப்போது வைத்திருப்பது எக்செல். ஒரு தாளில் ஹைதராபாத் அட்டவணையிலிருந்து நான் வாங்கும் பொருட்கள் மட்டும், கிலோஜூலை வகுத்து எழுதியது. இன்னொரு தாளில் குறிப்புகள், கிராமில். பையன் சூத்திரம் போட்டுக் கொடுத்தான். சந்தா கிடையாது, எந்த எண்ணைத் தொட்டாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பொடி, ஹெல்த் மிக்ஸ் பாக்கெட் போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் லேபிளில் 100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு பரிமாறலில் ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். அந்தச் சதவீதம் 2,000 கலோரி, 67 கிராம் கொழுப்பு என்ற கணக்கில். அதற்கும் இந்த எக்செலே வசதி.

கம்பெனி என்றதும் இன்னொன்று. மென்பொருள் சந்தாவை வருஷ முன்பணமாகக் கட்டுகிறார்கள். சமைத்துப் போட்டவளின் பில்லுக்கு மட்டும் "ப்ராசஸ்ல இருக்குங்க". சிறு தொழில் சட்டத்தில் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லிருந்து இருக்கிறது. சிறு தொழிலாகப் பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழைக் காட்டினால் அக்கவுண்ட்ஸில் இருப்பவர் ஏதோ ஆபாசப் படத்தைக் காட்டியதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காய்கறிக்காரரிடம் நான் "ப்ராசஸ்ல இருக்கு" என்று சொன்னால் மறுநாள் தக்காளி வருமா? கலோரியை ஒற்றை இலக்கம் வரை கேட்பவர்கள் தேதியையும் அதே மாதிரிப் பார்க்கலாமே. சரி, விடுங்கள்.

கடைசியாக, சிறுதானியம் சமைப்பவராக இருந்தால் ஒன்று. 2017 அட்டவணையில் ராகி, கம்பு, சோளம், சாமை, வரகு இருக்கின்றன. தினையும் குதிரைவாலியும் இல்லை. அதனால் தினைப் பொங்கலுக்கு எந்த மென்பொருள் எண் காட்டினாலும் அது வேறெங்கோ எடுத்தது. அதே நிறுவனத்தின் பழைய புத்தகத்தில் தினை இருக்கிறது, 100 கிராமுக்கு 331 கலோரி, புரதம் 12.3 கிராம். நான் அதைத்தான் போட்டு, பக்கத்தில் "பழைய அட்டவணை" என்று எழுதிவைத்திருக்கிறேன். அதில் நார்ச்சத்தை அளந்த முறை பழையது, குறைவாகக் காட்டும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.