11,000 பவுண்டு இழுக்கும் ட்ரக், 7,600 பவுண்டு ட்ரெய்லர்: போதுமா?

கேள்வி: டென்வரில் இருக்கிறோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். 28 அடி ட்ராவல் ட்ரெய்லர் ஒன்றுக்கு முன்பணம் கட்டியாயிற்று. வெறும் எடை 6,200 பவுண்டு. பொருள்களோடு சேர்த்து 7,600 வரை போகலாம். ஐ-70 நெடுஞ்சாலை வழியாக மேற்கேயும், டுராங்கோ பக்கமும் போக ஆசை. 11,000 பவுண்டு இழுக்கும் ஹாஃப்-டன் பிக்கப் (முக்கால்-டன்னைவிட ஒரு படி இலேசான வகை) தாராளம் என்கிறார் விற்பனையாளர். டர்போ இல்லாத 5.3 லிட்டர் வி8 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். டென்வரிலிருந்து கிழக்கே கேன்சஸ் சமவெளிக்குப் போவதாக இருந்தால் வாங்கச் சொல்லியிருப்போம். நீங்கள் போகப்போவது மேற்கே.

விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. அந்த 11,000 என்பது எஸ்ஏஇ ஜே2807 என்ற பொது விதிப்படி வரும் எண். அதற்கான ஏற்றச் சோதனைக்குக் கணக்கில் எடுக்கும் சாலை அரிசோனாவில் உள்ள டேவிஸ் டேம் ஏற்றம். சுமார் 11 மைல் நீளம், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில். கடுமையான சோதனைதான். ஆனால் அந்த ஏற்றத்தின் உச்சி ஏறத்தாழ 3,500 அடி உயரம். ஐ-70-இல் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையின் மேற்கு வாசல் 11,158 அடியில் இருக்கிறது. அதோடு, சோதனை வண்டியில் இருப்பதாகக் கணக்கிடுவது தலா 150 பவுண்டில் இரண்டே பேர். உங்கள் பிள்ளைகளும் சைக்கிள்களும் ஐஸ் பெட்டியும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே இழுவை எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவுச் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதுதான் பேலோட். விளம்பரத் தாளில் இருக்கும் பேலோட் அந்த மாடலின் மிக எளிய வடிவத்துக்கானது. ஸ்டிக்கரில் இருப்பது அந்த ஒரு வண்டிக்கே உரியது. சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம், பெரிய சக்கரம் என்று வசதி கூடக்கூட இந்த எண் இறங்கும். நான்கு கதவு ஹாஃப்-டன்களில் 1,300 முதல் 1,800 வரைதான் அதிகம் கண்ணில் படும். டீலர் பிற்பாடு பொருத்திய படிப்பலகை, பெட் (பின்புறச் சரக்குத் தொட்டி) மூடி ஆகியவற்றின் எடையையும் நீங்களே அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் கணக்கு. ட்ரெய்லரின் முன்முனை ட்ரக்கின் மேல் அழுத்தும் முன்பாரம், அதாவது டங் வெயிட், ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். 7,600-இல் 13 சதவீதம் என்றால் 990 பவுண்டு. ட்ரக்கையும் ட்ரெய்லரையும் இணைத்து, பாரத்தை முன்சக்கரங்களுக்கும் பகிரும் ஹிட்ச் ஏறத்தாழ 100. நான்கு பேருக்கு 500. பெட்டில் ஏற்றும் சாமான்களுக்கு 250. கூட்டினால் 1,840; மேலே சொன்ன 1,800-ஐயும் தாண்டிவிட்டது. வெறும் எடையான 6,200-ஐ வைத்துக் கணக்குப் போடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். 40 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டு ஏறிவிடும். பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், மளிகை எல்லாம் அதற்கு மேல்.

பேலோடைத் தாண்டினால் வண்டி அங்கேயே உடைந்து விழாது, அதுதான் ஆபத்து. பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரங்களில் பாரம் குறையும், ஸ்டியரிங் லேசாகும். எதிரே லாரி ஒன்று கடக்கும்போது ட்ரெய்லர் ட்ரக்கை இழுத்துப் போவதை உணர்வீர்கள். பின்டயர்கள் சூடேறுவது கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது இன்ஜின். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். 5.3 லிட்டர் வி8-இன் 355 ஹெச்பி, சுரங்க வாசலில் 240-ஐ ஒட்டி நிற்கும். தேவை எவ்வளவு? ட்ரக், ஆட்கள், ட்ரெய்லர் சேர்ந்து 14,000 பவுண்டு. 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 50 மைலில் போக, எடையைத் தூக்க மட்டும் 130 ஹெச்பி. காற்றுத் தடைக்கும் டயர் உராய்வுக்கும் இன்னும் 55, 60. கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்தால் இன்ஜின் 220 கொடுக்க வேண்டும். 240-இல் 220 என்றால் ஆக்ஸிலரேட்டர் தரையோடு ஒட்டிக் கிடக்கும், இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும், கோடை மதியத்தில் வெப்பமானியும் மேலே போகும். டர்போ இன்ஜின் மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் அதன் இழப்பு மிகக் குறைவு.

அப்படியானால் 400 ஹெச்பி கொண்ட ஃபோர்டு 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் போன்ற டர்போ பெட்ரோலே போதுமே என்பீர்கள். ஏறுவதற்குப் போதும். இறங்குவதுதான் கேள்வி.

சுரங்கத்திலிருந்து சில்வர்தார்னுக்கு 8 மைல். அதற்குள் 2,000 அடிக்கு மேல் இறங்குகிறீர்கள். அந்த இறக்கத்தில் 14,000 பவுண்டு விடுவிக்கும் ஆற்றல், 100 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜினும் ப்ரேக்கும் தாங்க வேண்டும். புதிய டாட்-3 ப்ரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் மெத்தென்று தரைவரை போகும். அந்தச் சரிவில் லாரிகள் தப்பிக்க இரண்டு சரளைக்கல் பாதைகள் வெட்டி வைத்திருப்பது சும்மா அல்ல.

இன்ஜின் எவ்வளவு பிடித்து நிறுத்தும் என்பது பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் அதன் கொள்ளளவைப் பொறுத்தது. டர்போ இதில் உதவாது. 3.5 லிட்டரைவிட 7.3 லிட்டர் நன்றாகப் பிடிக்கும். எக்ஸாஸ்ட் ப்ரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள பெரிய டீசல் இரண்டையும்விட மேல்.

எனவே எங்கள் தேர்வு, பெட்ரோல் வி8 உள்ள முக்கால்-டன் வண்டி: ஃபோர்டு எஃப்-250 7.3, ஷெவி 2500 6.6, ராம் 2500 6.4 ஆகியவற்றில் ஒன்று. பேலோட் பெரும்பாலும் 3,000-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும், ப்ரேக்கும் ஹிட்ச்சும் பெரியவை. உயரத்தில் இவையும் மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். இரைச்சலோடு 45, 50 மைலில் ஏறும், அவ்வளவுதான். டீசல் அழகாக இழுக்கும். ஆனால் சுமார் 10,000 டாலர் கூடுதல், இன்ஜினே கனம் என்பதால் பேலோடும் குறைவு. முக்கால்-டன் டீசலில் 2,000 என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மிரண்டவர்கள் உண்டு. பின்னாளில் பெட்டுக்குள்ளேயே மாட்டும் பெரிய ஐந்தாம்-சக்கர ட்ரெய்லருக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் டீசல் பக்கம் போங்கள்.

தினமும் அலுவலகத்துக்கும் இதே வண்டிதான், பார்க்கிங்கில் நுழைய வேண்டும் என்றால், டர்போ ஹாஃப்-டன் வாங்கலாம். ஸ்டிக்கரில் 1,900-க்குக் குறையக்கூடாது. மேக்ஸ் டோ பேக்கேஜ் கட்டாயம்: பெரிய கூலிங், உறுதியான ஹிட்ச், ட்ரெய்லரின் ப்ரேக்கை ட்ரக்கிலிருந்தே இயக்கும், உள்ளேயே அமைந்த ப்ரேக் கன்ட்ரோலர். 36 கேலன் டேங்க் கிடைத்தால் விடாதீர்கள். ட்ரெய்லரோடு கேலனுக்கு 8, 9 மைல்தான் வரும்.

வாங்கிய பிறகு ஹிட்ச் சரிசெய்வதை டீலரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். சமதரையில், ட்ரெய்லர் மாட்டும் முன் முன்சக்கர வளைவின் உயரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். ஹிட்சின் பாரம் பகிரும் கம்பிகளான பார்கள் இல்லாமல் மாட்டி மறுபடி அளங்கள். 2 அங்குலம் உயர்ந்திருந்தால் பார்களை ஏற்றி அதில் பாதியாவது இறங்கச் செய்ய வேண்டும். எவ்வளவு என்பதை வண்டியின் கையேடு சொல்லும். ப்ரேக் கன்ட்ரோலரை, காய்ந்த சமசாலையில் 20, 25 மைல் வேகத்தில் கைப்பிடியை முழுதும் அழுத்தி, ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

இறக்கம் தொடங்கும் முன்பே டோ-ஹால் மோடில் (இழுவைக்கான கியர் அமைப்பு) போட்டு, கியரைக் குறைத்துவிடுங்கள். இன்ஜின் 4,000, 4,500 சுற்றில் அலறினால் பயப்பட வேண்டாம். சிவப்புக் கோட்டுக்குக் கீழே அது அதன் வேலைதான். வேகம் 50-ஐத் தொட்டால் அழுத்தமாக ஒரு மிதி, 40-க்கு வந்ததும் காலை முழுதும் எடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் ப்ரேக்கைச் சுடவைக்கும் வழக்கம்.

டுராங்கோவுக்கு யுஎஸ் 160 வழியாக, 10,857 அடி உல்ஃப் க்ரீக் கணவாய் ஏறிப் போங்கள். அதுவும் செங்குத்துதான், ஆனால் அகலமான சாலை. யூரே, சில்வர்ட்டன் வழியாகப் போகும் யுஎஸ் 550-இல் பல இடங்களில் பக்கத் தடுப்பே கிடையாது; 28 அடி ட்ரெய்லரோடு அங்கே போகாதீர்கள்.

முதல் பயணத்துக்கு முன் லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில், குடும்பத்தோடும் முழு டேங்கோடும், ஒருமுறை ட்ரக்கை மட்டும், ஒருமுறை ட்ரெய்லரோடு எடை போடுங்கள். ரசீதில் முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு என்று தனித்தனியாக வரும். பின் அச்சின் எண்ணைக் கதவுச் சட்டத்தில் உள்ள பின் அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் முதலில் பெட்டில் உள்ள கனமான சாமான்களை ட்ரெய்லரின் அச்சுக்கு மேலே மாற்றுங்கள், ட்ரெய்லருக்கு 7,600 தாண்டாதவரை. வாலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.