ஷுக்‌ஷின் வீணடித்த காலம்

அன்புள்ள ஐயா,

ரஷ்ய எழுத்தாளர் வசீலி ஷுக்‌ஷினின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் வாசித்தேன். பிரமிப்பு அடங்கவில்லை. 45 வயதிலேயே இறந்துபோனவர், நடிப்பு, திரைக்கதை, இயக்கம் என்று சினிமாவில் இத்தனை காலத்தை வீணடித்திருக்க வேண்டுமா? கூடப் படித்த இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி உயரத்துக்கு அவரால் வர முடிந்ததா? நாவல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாக ஷுக்‌ஷின் நினைப்பாகவே இருக்கிறேன். அதனால்தான் உடனே பதில். தார்க்கோவ்ஸ்கியை விடுங்கள். மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் மிகயீல் ரோமிடம் இருவரும் ஒன்றாகப் படித்தார்கள், அவ்வளவுதான். இது என்ன ஓட்டப்பந்தயமா?

ஆனால் ‘வீணடித்த’ என்று எழுதினீர்களே, அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. எழுத்தாளன் சினிமா பக்கம் எட்டிப் பார்த்தாலே அவனுக்குத் திவசம் கொடுத்துவிடுகிற வழக்கம் நம் வாசகர்களுக்கு.

அவரே எழுதி, இயக்கி, நடித்த ‘கலீனா கிராஸ்னயா’ படம் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஜெயிலிலிருந்து வெளியே வந்த திருடன் யெகோர், பல வருஷம் கழித்து அம்மா வீட்டுக்குப் போகிறான். தான் யாரென்று சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. கூட வந்த ல்யூபாதான் கிழவியிடம் பேச்சுக் கொடுக்கிறாள். யெகோர், ஷுக்‌ஷினேதான். அந்தக் கிழவி நடிகை அல்ல, படப்பிடிப்பு நடந்த வோலக்தா பக்கத்துக் கிராமத்துப் பாட்டி. சொல்வதும் தன் சொந்தக் கதையை. இதையே எழுத்தாகவும் வெளியிட்டவர் ஷுக்‌ஷின். அங்கே ஒவ்வொரு வரியும் அவருடையது. படத்திலோ பாட்டியைப் பேச விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எந்த நாவலாசிரியனுக்கு ஐயா இந்தத் துணிச்சல் வரும்? வெளியே வந்தபின் தரையில் விழுந்து அழுகிறான் யெகோர். அதில் நடிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஷுக்‌ஷினின் அப்பாவைக் விவசாயிகளின் நிலத்தைச் சோவியத் அரசு கூட்டுப்பண்ணையாக்கிய கெடுபிடியில், 1933இல், சுட்டுக் கொன்றார்கள். சைபீரியாவில் அல்தாய் பக்கம் ஸ்ரோஸ்த்கி கிராமத்தில் அம்மாதான் ஆளாக்கினார். பிள்ளை மாஸ்கோவுக்குப் படிக்கப் போக மாட்டை விற்றுக் காசு கொடுத்தார் என்பார்கள்.

வீண் என்று அங்கலாய்க்க வேண்டுமென்றால் ஸ்தெபான் ராசினுக்காக அங்கலாயுங்கள். ஜார் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய 17ஆம் நூற்றாண்டுக் கொசாக் போர்வீரன். அவனைப் படமாக்க வருஷக்கணக்கில் அலைந்தார் ஷுக்‌ஷின். கடைசிவரை எடுக்கவே முடியவில்லை. 1974 அக்டோபரில், இன்னொருவர் படத்தில் நடிக்கப் போன இடத்தில், தோன் நதியில் நின்ற கப்பலில் தூக்கத்திலேயே போய்விட்டார். ராசின் நாவலாக மட்டும் மிஞ்சினான்.

சரி, நாவல் கேட்டீர்கள் இல்லையா? அந்த ராசின் நாவலிலிருந்தே தொடங்குங்கள். அதற்கு முன்னால் ‘கலீனா கிராஸ்னயா’வைப் பாருங்கள். பார்த்த பிறகும் ‘வீண்’ என்றே தோன்றினால் எழுதுங்கள், சண்டை போடலாம்.