தீமைக்குள் இறங்கினால்தான் ஒளி கிடைக்குமா? கபாலா சொல்வது என்ன

கேள்வி: இணையவழியில் ஒரு கபாலா வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். “தீமைக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது. ஒதுங்கி நிற்பவனுக்கு அது கிடைக்காது. இறங்கி அனுபவித்தால்தான் உள்ளே சிக்கிய ஒளி விடுபடும்” என்கிறார் ஆசிரியர். யூத மறைஞானம் இப்படித்தான் சொல்கிறதா? இன்னொன்று: சமீபத்தில் மகனைப் பறிகொடுத்த என் தோழியிடம், “இதற்கும் ஒரு நோக்கம் இருக்கிறது” என்று இந்த நூல்களிலிருந்து எடுத்துச் சொல்லலாமா?

பதில்: உங்கள் ஆசிரியரின் முதல் வாக்கியம் கபாலாவில் இருக்கிறது. கடைசி வாக்கியத்தைக் கபாலாவின் முக்கிய நூல்களே நேரடியாக மறுக்கின்றன. தோழியிடம் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

யூத மரபுக்குள்ளேயே தீமையைப் பற்றி ஒரே கருத்து இருந்ததில்லை. 12ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி மைமோனிடிஸ், தீமை என்று தனியாக ஒன்று கிடையாது, நன்மை இல்லாத நிலைதான் அது என்றார். பார்வை இல்லாமையே குருடு என்பதுபோல. கபாலா ஞானிகளுக்கு இந்தப் பதில் போதவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் வாழ்ந்த ஐசக் ஹாகோஹென், தீய சக்திகளுக்கென்று ‘இடப்பக்க’ வரிசை ஒன்றையே எழுதிவைத்தார். அதன் தலைமையில் சமாயேல் என்ற தீய தேவதூதனும் லிலித் என்ற பெண் பேயும் இருக்கிறார்கள். அதே நூற்றாண்டின் இறுதியில் அதே மண்ணில் வெளிவந்த, கபாலாவின் முதன்மை நூலான ஸோஹார், இதை ‘சித்ரா அஹ்ரா’, அதாவது ‘மறுபக்கம்’ என்று அழைத்தது.

அப்படியானால் கடவுளுக்கு எதிராக இன்னொரு கடவுளா? இல்லை. கடவுள் தன்னை வெளிப்படுத்தும் பத்து நிலைகளில் ஒன்று கருணை, இன்னொன்று தண்டிக்கும் நீதி. இரண்டும் சேர்ந்து இயங்கும்வரை உலகம் நிற்கும். கருணையிலிருந்து நீதி பிய்த்துக்கொண்டு போனால், அது வெறும் உக்கிரமாகி மறுபக்கத்துக்கு வேராகிவிடுகிறது. பருப்பைச் சுற்றிய ஓடு மாதிரி, புனிதத்தைச் சுற்றித் தீமை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஸோஹார் திரும்பத் திரும்பச் சொல்லும். ‘கெலிப்பா’ என்று உங்கள் வகுப்பில் சொல்வது இந்த ஓட்டைத்தான். அதற்குச் சொந்த உயிர் கிடையாது. உள்ளிருந்து கசியும் ஒளியில்தான் அது வாழ்கிறது. கபாலாவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஸோஹாரிலேயே ஒரு கதை வரும். அரசன் ஒருவன் தன் மகனைக் கண்டிப்போடு வளர்த்தான், ஒழுக்கம் தவறிய பெண்களிடம் நெருங்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி. மகனும் தலையாட்டினான். அவன் மனசு எப்படி என்று பார்க்க, அரசனே ஒரு தாசியை அழைத்து, “போய் அவனை மயக்கிப் பார்” என்று அனுப்பிவைத்தான். அவளும் தன் வித்தைகளையெல்லாம் காட்டினாள். மகன் மசியவில்லை. அரசன் பூரித்துப்போய் அவனை அரண்மனைக்குள் அழைத்து, பரிசும் பெருமையும் கொடுத்தான். சரி, அந்தப் பெருமையை அவனுக்கு வாங்கிக்கொடுத்தது யார் என்று கேட்கிறது ஸோஹார். அந்தத் தாசிதான். அரசன் ஏவியதைச் செய்ததற்காகவும் மகனுக்கு நன்மை தேடித் தந்ததற்காகவும் அவளுக்கும் பாராட்டு உண்டு.

அரசன் கடவுள், மகன் மனிதன், தாசி தீமை. தீமையின் நோக்கம் பற்றிக் கபாலாவில் எனக்கு மிகப் பிடித்த பதில் இது. கதையில் எது வெற்றி என்று கவனியுங்கள். மகன் அவளோடு போனது அல்ல, போகாமல் இருந்தது. அவளுடைய உள்விருப்பமும் அதுதான்.

இதற்கு அடித்தளம் கபாலாவுக்கு முன்பே இருக்கிறது. யூதச் சட்டமும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பான தால்முத்தில் ஒரு சம்பவம்: அறிஞர்கள் மனிதனின் தீய உந்துதலைப் பிடித்து மூன்று நாள் அடைத்துவைத்தார்கள். அப்புறம் ஒரு நோயாளிக்காகப் புது முட்டை தேடினால், இஸ்ரேல் தேசம் முழுக்க ஒன்றுகூட அகப்படவில்லை. கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. ஆசை இல்லாவிட்டால் வீடு கட்டவும் கல்யாணம் செய்யவும் பிள்ளை பெறவும் ஆள் இருக்காது என்று இன்னொரு பழைய நூல் சொல்கிறது. அந்த உந்துதலை அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. கடிவாளம் போட வேண்டும்.

உங்கள் ஆசிரியர் பேசும் ‘சிக்கிய ஒளி’ 16ஆம் நூற்றாண்டில் முழு வடிவம் பெற்றது. 1570இல் கலிலேயாவின் சஃபேத் ஊருக்கு வந்த ஐசக் லூரியா, இரண்டே ஆண்டுகளில் கொள்ளைநோயில் இறந்துபோனார். அதற்குள் கபாலாவையே மாற்றி அமைத்துவிட்டார். அவருடைய போதனைகளை எழுதிவைத்தவர் சீடர் ஹயீம் விதால். கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டு படைப்புக்கு இடம் விட்டார். ஒளியைத் தாங்க வேண்டிய பாத்திரங்கள் தாங்காமல் உடைந்தன. 288 ஒளிப்பொறிகள் ஓடுகளுக்கிடையே சிதறின. அவற்றை மீட்டு உரிய இடத்தில் சேர்ப்பது மனிதனின் வேலை. பொறிகள் போய்விட்டால் ஓடுகளுக்குத் தீனி இருக்காது, தானாகவே சாகும்.

பொறியை எப்படி மீட்பது? இந்த இடத்தில்தான் விபத்து நடந்தது. 1665இல் துருக்கியின் இஸ்மிரைச் சேர்ந்த சபத்தாய் ஸ்வியை மேசியா, அதாவது யூதர்கள் காத்திருந்த மீட்பர், என்று காசாவின் நாதன் அறிவித்தார். யேமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை யூதர்கள் பரவசத்தில் ஆழ்ந்தார்கள். மறு வருடமே உதுமானிய சுல்தான் முன்னால் சபத்தாய் இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். நாதன் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: கடைசிப் பொறிகளை மீட்க மேசியாவே ஓடுகளின் ஆழத்துக்குள் இறங்கியாக வேண்டும். நம்பியவர்களில் ஒரு பகுதியினர் இதை எல்லோருக்குமான வழியாகவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் போலந்தின் யாக்கோப் ஃபிராங்க், விலக்கப்பட்டதைச் செய்வதே மீட்பு என்று போதித்தார். உங்கள் வகுப்பில் சொல்வது இந்தப் பரம்பரையின் குரல். அது கபாலாவிலிருந்து முளைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கபாலா மரபின் பெரும்பகுதி அதை வெளியே தள்ளியது, காரணத்தோடு தள்ளியது.

அந்தக் காரணம் துலக்கமாக இருப்பது, லியாதியின் ரப்பி ஷ்னேயோர் ஸல்மான் எழுதி 1796இல் அச்சான தான்யா என்ற நூலில். வேதத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தில் புயல்காற்று, பெரிய மேகம், சுழலும் நெருப்பு, சுற்றிலும் ஒரு பிரகாசம். தான்யாவின்படி, முதல் மூன்றும் முற்றிலும் அசுத்தமான ஓடுகள். நான்காவதான பிரகாசத்தில் மட்டும் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது. நாம் அன்றாடம் தொடும் அனுமதிக்கப்பட்ட பொருள்களெல்லாம் இதைச் சேர்ந்தவை. ஓய்வுநாளை மகிழ்ச்சியாகக் கொண்டாடவோ, மனம் விரிந்து வேதம் படிக்கவோ ஒருவர் கொழுத்த மாட்டிறைச்சியும் மணமூட்டிய மதுவும் சாப்பிட்டால், அதிலுள்ள பொறி மேலே போகிறது. அதையே வயிற்றுக்காக மட்டும் தின்றால் கீழே இறங்குகிறது, அவர் மனம் திருந்தும்வரை.

விலக்கப்பட்ட உணவு? தெரியாமல் சாப்பிட்டு, அந்தத் தெம்பிலேயே பிரார்த்தனை செய்தாலும் அதன் பொறி மேலே போகாது என்கிறார். அதைப் பொறுத்தவரை நம்மால் செய்யக்கூடியது, தொடாமல் விலகுவதுதான். விழுந்தவர் அன்பினால் மனம் திரும்பினால் அந்த வீழ்ச்சிகூட நன்மையாக மாறும் என்பது உண்மை. ஆனால் “பாவம் செய்கிறேன், பிறகு திருந்திக்கொள்கிறேன்” என்று திட்டமிடுபவனுக்குத் திருந்தும் வாய்ப்பே தரப்படாது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா முன்கூட்டியே சொல்லிவிட்டது. வகுப்பில் தான்யாவின் 7, 8 அதிகாரங்களைக் காட்டிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அந்த வகுப்புக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

இனி உங்கள் தோழி. இதுவரை சொன்ன நோக்கமெல்லாம் சோதனைக்கு ஆளாகிறவனிடம் சொல்லப்பட்டது. அரசனின் மகனால் விலகிப் போக முடிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு விலகிப்போக எதுவும் இல்லை.

இதை அனுபவித்தே அறிந்தவர் வார்சாவின் ரப்பி கலோனிமுஸ் கல்மான் ஷபீரா. 1939 செப்டம்பர் குண்டுவீச்சில் ஒரே மகனை இழந்தார். அதன்பிறகும், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதியில், ஓய்வுநாள்தோறும் தன் மக்களுக்குப் பேசினார். துன்பத்துக்கு மரபு தந்த விளக்கங்களைத் தொடக்கத்தில் அவரும் சொன்னார், பழைய காலத்திலும் இப்படி நடந்திருக்கிறது என்றார். 1942 முடியும்போது தன் எழுத்துக்கே ஒரு குறிப்பு சேர்த்தார்: இப்போது நடப்பதற்கு முன்னுதாரணம் இல்லை. 1943இல் அவர் கொல்லப்பட்டார். புதைத்துவைத்த அந்தத் தாள்கள் 1950இல் இடிபாடுகளுக்கிடையே கிடைத்தன. கபாலாவில் ஊறிய ஒருவரே தன் விளக்கத்தை இப்படித் திருத்திக்கொண்டபோது, நாம் அந்தப் பெண்ணிடம் நோக்கத்தைப் பற்றிப் பேச எந்த நியாயமும் இல்லை.

யூதர்களின் துக்க வீட்டில், துக்கத்தில் இருப்பவர் முதலில் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. வேதத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து மௌனமாக இருந்ததிலிருந்து வந்தது இது. அவர்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நீங்கள் போய் உட்காருங்கள். சாப்பிட ஏதாவது கொண்டுபோங்கள். மகனைப் பற்றி அவர் பேசினால், பெயர் சொல்லிப் பேசுங்கள்.