மனு அளிப்பதால் உண்மையில் என்ன பயன்?

மனுவுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா, அல்லது அது வெறும் கையெழுத்துத் தாளா என்று கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் முறைப்படி ஏற்கப்பட்ட மனு, அனுமதிக்கப்பட்டாலும் தள்ளுபடியானாலும், பொதுவாக ஓர் உத்தரவில் முடிகிறது. அரசுக்கு மக்கள் அளிக்கும் மனுவுக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஆயினும் கேட்டதற்காகவே ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு பெரிய விஷயம். 1688இல் இங்கிலாந்தில் மன்னரிடம் மனு அளித்த ஏழு பிஷப்புகள் லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டு, விசாரணையில் விடுதலையானார்கள். மறு ஆண்டே, மனு அளித்தவரைச் சிறைப்படுத்துவது சட்டவிரோதம் என்று உரிமைச் சட்டம் அறிவித்தது.

அரசியலில் மனுவின் வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது. 1893இல் நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 32,000 கையெழுத்துகளைத் திரட்டினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாள்களை ஒட்டிச் சுருட்டிய, சுமார் 270 மீட்டர் நீள மனு நாடாளுமன்ற அவையின் நடுவே விரிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சட்டம் வந்தது. எல்லா மனுவும் இப்படி உடனே வென்றுவிடுவதில்லை: பிரிட்டனில் வாக்குரிமை உள்ளிட்ட அரசியல் சீர்திருத்தங்களைக் கேட்ட தொழிலாளர் இயக்கமான சாசன இயக்கத்தினர் 1842இல் அளித்த, முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்ட மனு நிராகரிக்கப்பட்டது. இருந்தும் அவர்களின் ஆறு கோரிக்கைகளில் ஐந்து பின்னாளில் சட்டமாயின. வீடு வீடாகக் கையெழுத்துக் கேட்டு நடந்த உழைப்பும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.